விழாத பிள்ளை

சிவமயம்

தாதர், பம்பாய்
22-1-1937

அன்பு மனைவி கமலாவதிக்கு,

நான் சுகம். நீரும், நான் இன்னும் காணாத பிள்ளை கனகாம்பிகையும், இரத்தினம்மா அக்காவும் சுகமாயிருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொங்கலன்று இங்கே ஒரு திருநெல்வேலிக் குடும்பம் என்னைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது. அவர்கள் பேசிய தமிழைக் கேட்பதற்காகவே இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

நான் செய்த நண்டுப் படம் கரையேறிவிட்டது. பெரிய படம் தொடங்க முன்னர் நாலு நிமிஷம் காட்டுகிறார்கள், சனம் கைதட்டுகிறது. நண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டுப் படக் கம்பெனி முதலாளி சேட் என்னைக் கூப்பிட்டு, உள்ளே சாவி வைத்திருக்கிறாயா என்று கேட்டார். நீர் கச்சாய்க் கடற்கரையில் குந்தியிருந்து, நண்டு எந்தக் காலை முதலில் எடுக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்பியதை நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை அனுப்பிவிட்டு உம்மைக் கூப்பிடுவார்.

இவன் அங்கே என்னதான் செய்கிறான் என்று அக்கா கேட்டால் சூரன் போரைச் சொல்லும். எங்கள் கோயில் சூரனுக்கு நான் செதுக்கிய தலைகளில் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவார்கள் அல்லவா? ஆனைத்தலை போய்ச் சிங்கத்தலை வரும். இங்கேயும் அதுதான் வேலை. மெழுகு கலந்த களிமண்ணில் ஒரு உருவம். ஒரு காலைக் கழற்றி, சற்று வேறு மாதிரி மடிந்த இன்னொரு காலை மாட்டி, கமராவில் ஒரு படம் எடுப்பேன். பிறகு இன்னொரு கால், இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் உருவம் தானாக நடக்கும்.

இப்போது சேட்டுக்கு ஒரு சிறு பிள்ளை வேண்டும். நடக்கப் பழகும் பிள்ளை, காலையில் தன்பாட்டில் கடலைப் பார்க்கப் போகிறது. கதை அவ்வளவுதான். நான் குடியிருக்கும் கட்டிடத்தில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை, மாடிப்படி முழுக்க விழுந்தெழும்பித் திரிகிறார்கள். அவர்களைப் பார்த்துச் செய்ய என் கை அசையமாட்டேன் என்கிறது. என் பிள்ளையைத்தான் நடக்கவிட விரும்புகிறேன். கனகத்துக்குப் பதினான்கு மாதம் ஆகிறது, நடக்கத் தொடங்கியிருப்பாள். நடைவண்டி ஒன்று செய்து தரும்படி இளையதம்பித் தச்சனுக்கு எழுதியிருக்கிறேன். அவள் நடக்கும் விதத்தை, நண்டைப் பார்த்தது போல ஆறுதலாகப் பார்த்து எழுதும். படம் முடிந்ததும் ஊருக்கு வருவேன்.

உம்முடைய
சோமசேகரம்


கச்சாய்
19-2-1937

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மாள் அருளால் நாங்கள் இருக்கிறோம். பம்பாய்த் தண்ணீர் உங்களுக்குச் சேர்கிறதா? முன்னர் எழுதிய இருமல் விட்டதா? அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

நண்டுக்குச் சனம் கைதட்டியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "இஞ்சை நாங்கள் நண்டைக் குழம்பு வைக்கிறம், அங்கை காசு குடுத்துப் பாக்கினமோ" என்று கேட்டாள். இந்த முறை புகையிலைக் கன்று நோய் பிடித்துப்போனது. பசு சிவப்பி நாம்பன் கன்று போட்டிருக்கிறது. கிணற்றுத் துலா முறிந்து, புதிதாகப் போட்டிருக்கிறோம்.

நடைவண்டி வந்தது. இளையதம்பி பச்சை மை பூசி முன்னுக்கு ஒரு கிளியும் வைத்திருக்கிறான். நீங்கள் செதுக்குகிற கிளி போல் வராது, இதற்கு மூக்குப் பெரிதாய்ப் போய்விட்டது.

பிள்ளைக்கு எட்டுப் பல். தலையில் உங்களைப் போலவே இடது பக்கம் சுழி. உங்கள் படத்தைக் காட்டி அப்பா எங்கே என்று கேட்டால் விரலால் தொடுவாள். நடையைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், தபாலுக்கு நேரமாகிவிட்டது.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அக்கா கேட்டு எழுதச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

உங்கள்
கமலாவதி


தாதர்
15-3-1937

அன்புள்ள கமலாவதிக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது. எட்டுப் பல்லையும் சுழியையும் பலமுறை வாசித்தேன். துலாவுக்குக் கொடுத்த இடத்தைப் பிள்ளையின் காலுக்குக் கொடுத்திருக்கலாம்.

சிறுமியின் உருவம் முடிந்துவிட்டது. முகம் உம்முடைய முகம், நெற்றி மட்டும் என்னுடையது. தலையில் சுழியும் வைத்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, உம்முடைய கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். நான் சாப்பிடுவதும் படுப்பதும் அதே அறையில்தான். காலில்லாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்குகிறதில்லை. ஒரு துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

இங்கே நாளெல்லாம் நான் பேசுவது அந்த உருவத்தோடுதான். சேட்டின் ஆட்களுக்கு என் இந்தி விளங்காது, அவர்களுடைய சிரிப்பு எனக்கு விளங்காது. சீக்கிரம் எழுதும். பிள்ளைக்கு என் முத்தம், அக்காவுக்கு என் வணக்கம்.

சோமசேகரம்


தாதர்
28-5-1937

அன்புள்ள கமலாவதிக்கு,

நான் சுகம். இரண்டு மாதத்துக்கு மேலாக உம்மிடமிருந்து ஒரு வரியும் இல்லை. என்னோடு கோபமா? துலாவைப் பற்றிப் பகிடியாகத்தான் எழுதினேன். கோபமென்றால் கோபம் என்றாவது எழுதும். தபால்காரன் என்னைக் கண்டால் இப்போது தானே தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

சேட் பொறுமை இழந்துவிட்டார். கால் செய்யத் தெரியாவிட்டால் சொல், வேறு ஆள் பார்க்கிறேன் என்கிறார். எனக்குத் தெரியாததல்ல. நண்டின் காலும் மயிலின் காலும் தெரியும். என் பிள்ளையின் கால்தான் தெரியாது.

சோமசேகரம்


கச்சாய்
20-6-1937

அன்புள்ள அத்தானுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்களோடு கோபமும் இல்லை. வீட்டில் வேலை கூடிப்போனது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், கண்ணுக்கு நல்லெண்ணெய் வைக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். நன்றாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் தலை முன்னே போகும், பிறகுதான் உடம்பு அதைப் போய்ச் சேரும். காலைத் தூக்கும்போது விரல்களை ஒன்றாகக் கூட்டிக்கொள்ளும். தூக்கிய காலை உடனே வைக்காது. அந்தரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, விரல்களை விரித்துத்தான் வைக்கும். சேற்றிலும் சத்தம் வராது. கைகளை வீசுவதில்லை, பின்னுக்கு ஒடுக்கி உடம்போடு வைத்திருக்கும். அவசரம் என்பதே கிடையாது. பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது, அவ்வளவு வடிவு.

இவ்வளவும் உங்கள் வேலைக்குக் காணுமா?

உங்கள்
கமலாவதி


தாதர்
30-8-1937

என் அன்பான கமலாவதிக்கு,

காணும், காணும். இரண்டு மாதமாகக் காலாகவே செய்துகொண்டிருக்கிறேன். மேசை, கட்டில், ஜன்னல் விளிம்பு, எங்கே பார்த்தாலும் சிறு சிறு கால்கள். நீர் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கால் செய்தேன். விரல் கூட்டிய கால், விரல் பாதி விரிந்த கால், அந்தரத்தில் நிற்கும் கால். துணியை எடுத்தாயிற்று. சுகத்தைப் பற்றிக் கேட்டால், இவ்வளவு சுகமாக நான் இந்த ஊரில் இருந்ததில்லை.

அழகிய கால்தான், ஆனால் கொஞ்சம் அதிசயமான கால். பிள்ளைகள் விழுவார்களே, கனகம் விழுவதில்லையா? நடைவண்டியை எப்படிப் பிடிக்கிறாள்? சில்லு கிறீச்சிடுகிறதா? கிறீச்சிட்டால் இலுப்பெண்ணெய் விடும்.

தீபாவளிக்கு வரலாமென்று இருந்தேன். படம் அரைவாசியில் நிற்கிறது, விட்டுவிட்டு வர ஏலாது. தையில் நிச்சயம் வருவேன். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லும்.

சோமசேகரம்


கச்சாய்
14-11-1937

அன்புள்ள அத்தானுக்கு,

கந்தசட்டி விரதம் ஆறு நாளும் பிடித்தேன், அதனால் உடம்பு கொஞ்சம் தளர்ச்சி. மற்றப்படி சுகம். உங்களுக்கும் சுகம் கிடைக்க வேண்டிக்கொண்டேன்.

இந்த முறையும் நீங்கள் செய்த தலைகள்தான். பாரம் என்று இளைஞர்கள் முறைப்பட்டாலும் சூரனை நன்றாகத்தான் ஆட்டினார்கள். கனகம் அக்காவின் தோளில் இருந்து பார்த்தாள். ஆனைத்தலையைக் கழற்றியபோது பயந்து அழுதாள். சிங்கத்தலையை மாட்டியதும் சிரித்துவிட்டாள். ஒன்று போனால் அதன் இடத்தில் ஒன்று வருமென்று தெரிந்துவிட்டது போல.

விழுவதில்லையா என்று கேட்டீர்கள். விழுவதே இல்லை.

தையில் வருவீர்களென்று அக்காவுக்குச் சொல்லவில்லை. வந்தால் கண்டுகொள்ளட்டும்.

கமலாவதி


தாதர்
9-1-1938

கமலாவதிக்கு,

நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

நேற்றுப் படத்தைச் சேட்டுக்குப் போட்டுக் காட்டினோம். துண்டு துண்டாகப் பார்த்ததை முதன்முதலாக முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். பிள்ளை மணலில் போகிறது. தலை முன்னே போகிறது, உடம்பு போய்ச் சேருகிறது. விரலைக் கூட்டித் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, விரித்து வைக்கிறது. கைகள் பின்னுக்கு ஒடுங்கியிருக்கின்றன. எல்லோரும் கைதட்டினார்கள். இப்படியொரு நடையை உலகத்தில் யாரும் கண்டதில்லை என்றார் சேட்.

நான் கண்டிருக்கிறேன். கச்சாய்ப் பரவைக் கடலில் முழங்கால் தண்ணீருக்குள் நிற்கும் கொக்கு அப்படித்தான் நடக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பார்த்து மணலில் தடியால் கீறித்தான் நான் வரையவே பழகினேன். அதற்குப் பாவாடை கட்டி என் பிள்ளையின் முகத்தை வைத்திருக்கிறேன். ஏழு மாதமாக என் கையாலேயே செய்தும் தெரியவில்லை.

நடக்கப் பழகும் பிள்ளை கையைப் பின்னுக்கு ஒடுக்காது. விழுவதே இல்லை என்று எழுதினீர். விழாத பிள்ளை எங்கே இருக்கிறது? நடைவண்டியின் சில்லைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

கனகம் நடக்கிறாளா? அதை மட்டும் எழுதும்.

சோமசேகரம்


கச்சாய்
2-2-1938

அன்புள்ள அத்தானுக்கு,

இல்லை.

போன ஐப்பசிக்கு முந்திய ஐப்பசி மழையோடு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவள் சுவரைப் பிடித்து எழும்பத் தொடங்கியிருந்தாள். காய்ச்சல் விட்டது. அதன்பிறகு இரண்டு காலும் எழும்பவில்லை. சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம், பட்டணத்துக்கும் கொண்டுபோனோம். எண்ணெய் போட்டு உருவினோம். காலுக்குள் பலம் இனி வராது என்று பட்டணத்து டாக்குத்தர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

நான் எழுதத்தான் இருந்தேன். பாதிக் கடிதம் எழுதியும் வைத்திருந்தேன். அப்போதுதான் உங்கள் பங்குனிக் கடிதம் வந்தது. காலில்லாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்குகிறதில்லை, துணியால் மூடி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகு எப்படி எழுதுவேன்? என் கடிதத்தை அடுப்பில் போட்டேன். படம் நின்றுவிடும் என்று முதலில் பயந்தேன். பிறகு நீங்கள் வரவேமாட்டீர்கள் என்று பயந்தேன். இரண்டு பயத்துக்கும் ஒரே பொய் போதுமாயிருந்தது.

நடக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் எழுத நினைத்தேன். அடுத்த வளவுக் கந்தப்புவின் மகனுக்கும் கனகத்தின் வயதுதான். அவன் முற்றத்தில் நடக்கும்போது வேலியடியில் நின்று அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்க்காரி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி, சீலைத் தலைப்பால் அவன் இரண்டு காலையும் மூடினாள். "குறை நினையாதை கமலா. உன்னிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா பெத்த மனம் பயப்பிடுது" என்றாள். அன்று பின்னேரம் அவர்கள் செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்ட நெடி எங்கள் வளவுக்கும் வந்தது. கண்ணூறு கழிக்கிறார்கள். என்னுடைய கண்ணூறு. அக்கா இருமிக்கொண்டே யன்னலைச் சாத்தினாள். அந்தத் தாயின் இடத்தில் நான் நின்றிருந்தாலும் மூடியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. கடற்கரைக்குப் போனேன். கொக்கு என்னைக் கண்டு காலை மூடவில்லை. அது நடந்ததை எழுதினேன்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் என்ன நினைத்தாலும் நினையுங்கள். பிள்ளை சுகம். இதுவரை எழுதிய சுகங்களில் அது ஒன்றுதான் உண்மை.

கமலாவதி


தாதர்
6-3-1938

அன்புள்ள கமலாவதிக்கு,

உம்முடைய கடிதம் வந்த நாளில் இருந்து நான் வேலைக்குப் போகவில்லை. உம்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வரியை எழுதிய என் கையின் மேல்தான் கோபம். நீர் தனியாக எத்தனை வைத்தியரிடம் ஏறி இறங்கியிருப்பீர் என்று நினைத்து நினைத்து இந்த அறைக்குள்ளேயே நடக்கிறேன்.

ஒன்று தீர்மானித்திருக்கிறேன். அந்தப் படம் பொய். அதை மாற்ற வேண்டும். சேட் இன்னொரு படம் கேட்கிறார், அதில் கனகத்தை உள்ளபடியே செய்யப்போகிறேன். அவள் எப்படி நகருகிறாள்? கையை ஊன்றியா, இருந்தபடி இழுத்தா? எந்தக் கை முன்னே போகிறது? உடம்பின் பாரம் எதில் விழுகிறது? இந்த முறை அவளையே பார்த்து எழுதும். ஒரு வருஷத்தில் முடித்துவிடுவேன். கொக்கைப் பார்த்துக் கைதட்டியவர்கள் என் பிள்ளையைப் பார்க்கட்டும்.

உடம்பைக் கவனியும்.

சோமசேகரம்


கச்சாய்
27-3-1938

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டதை எழுதமாட்டேன். எழுதத் தெரியாமல் அல்ல. அவள் அறையின் எந்த மூலையில் இருந்து எந்த மூலைக்குப் போகிறாள் என்று குசினிக்குள் சமைத்தபடியே சத்தத்தில் சொல்லுவேன். நண்டையும் கொக்கையும் எழுதினேன், இதையும் எழுதலாம். எழுதினால் நீங்கள் செய்துவிடுவீர்கள். நன்றாகவே செய்வீர்கள். செய்துவிட்டால் பிறகு உங்களுக்கு அங்கே ஒரு பிள்ளை இருக்கும், இங்கே வரத் தேவையிராது. ஒரு வருஷம் என்கிறீர்கள். உங்கள் வருஷம் எவ்வளவு நீளமென்று எனக்குத் தெரியும்.

அவளுடைய கையைக் கேட்டீர்கள், பாரத்தைக் கேட்டீர்கள். அவளைக் கேட்கவில்லை. அழுகிறாளா, என்ன கதைக்கிறாள், யாரைக் கண்டால் சிரிக்கிறாள் என்று ஒன்றும் கேட்கவில்லை.

நான் இவ்வளவு காலமும் உங்களுக்குக் கண்ணாயிருந்தேன். எனக்குக் களைத்துவிட்டது, அத்தான். பார்க்க வேண்டுமென்றால் வந்து பாருங்கள். வர மனமில்லாவிட்டால் துணியால் மூடிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலைதானே. இனி நான் கடிதம் எழுதமாட்டேன்.

கமலாவதி


மண்டபம் முகாம்
3-5-1938

அன்புள்ள கமலாவதிக்கு,

இதை இராமநாதபுரக் கரையில் இருந்து எழுதுகிறேன். அம்மை, பேதி எதுவும் இல்லை என்று நிச்சயப்படும் வரை கப்பலேற விடமாட்டார்கள். நான் சுகம்தான், ஆனால் அதை அவர்கள் நம்ப வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்து கடலைப் பார்க்கிறேன். இரவில் சரியாக நித்திரை வருவதில்லை.

உம்முடைய கடிதம் வந்த அன்றே புறப்பட்டேன் என்று எழுத ஆசை. அது பொய். மூன்று கிழமை அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு நாள் மேசையில் புதிய மெழுகுக் களியை வைத்துப் பிசையத் தொடங்கினேன். கை தானாக ஒரு பிள்ளையைச் செய்தது. நிலத்தில் இருக்கிற பிள்ளை. அடுத்த படத்துக்காக அதை அசைக்க நினைத்து, எந்தக் கையை முதலில் எடுப்பது என்று தெரியாமல் விளக்கு அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு என்ன சொல் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த உருவத்தை மறுபடியும் உருண்டையாக்கி வைத்துவிட்டேன். துணி போடவில்லை.

சேட் கோபித்தார், பிறகு திரும்பி வா என்றார். வருவேனென்றும் சொல்லவில்லை, வரமாட்டேனென்றும் சொல்லவில்லை. அதை நாம் இருவரும் கதைக்க வேண்டும்.

விட்டார்களென்றால் வருகிற கிழமை தலைமன்னாரில் இறங்கி, ரெயிலில் கொடிகாமம் வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு ஒருவரும் வரவேண்டாம். அக்காவையும் அனுப்ப வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவ்வளவு கேட்ட எனக்கு இனிக் கேட்க உரிமை இல்லை, என்றாலும் கேட்கிறேன். வேலிப் படலையடியில் என் சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராதேயும். நீரும் தூக்க வேண்டாம், அக்காவும் தூக்க வேண்டாம். அப்பா வந்திருக்கிறார் என்று மட்டும் அவளிடம் சொல்லும். வர விரும்பினால் அவள் தன் போக்கில் முற்றத்தைக் கடந்து வரட்டும். என்னைப் பார்த்துப் பயந்து பாதியில் திரும்பினால் திரும்பட்டும். அவசரப்படுத்த வேண்டாம். ஒரு அடிக்காக ஒரு பகல் காத்திருப்பதுதான் என் தொழில்.

அவள் வந்து சேரும் வரை நான் படலைக்கு வெளியே நிற்கிறேன்.

உம்முடைய
சோமசேகரம்